கவிழ்த்த கடகம்

"இழுக்காதையும், இழுக்காதையும்! சாரம் கம்பியிலை கொழுவிப்போட்டுது."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெயரூபன் தொண்டைக்குள்ளேயே கத்தினான். இந்தப் பக்கத்தில் அப்பாவின் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த பிரியவதனி இழுப்பதை நிறுத்தினாள். ஓலை வேலியில் கீழே விட்டிருந்த ஓட்டை, அந்தப் பொட்டுக்குள்ளால் அப்பா இடுப்புவரை வந்திருந்தார். மிச்ச அப்பா இன்னும் மாமாவின் வளவுக்குள் கிடந்தார்.

உடம்பில் இன்னும் சூடு இருந்தது. ஜெயரூபன் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறவன். நாடி, கண், மூச்சு எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டியிருந்தான். அவள் அழுவதற்கு முதல் அப்பாவை வேலி கடத்த வேண்டியிருந்தது.

"பிரேதத்தை அசைக்கக் கூடாது, வதனி. பொலிஸ் கேசாப் போயிடும்."

"அசைக்காட்டி மானம் போயிடும். கெதியாக் கழட்டுங்கோ."

மாமா வீட்டுச் சாமியறையிலிருந்து பாட்டுக் கேட்டது. பரராசசிங்கம் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தமையன். ஒவ்வொரு விடியற்காலையும் ஐந்து பாட்டுப் பாடுவார். ஐந்துக்கும் ஒரே ராகம். அந்த ராகமும் பிழை. ஐந்தாவது முடிந்ததும் மணி அடிப்பார். மணி அடித்த கையோடு பூசணிக்காய் பார்க்கத் தோட்டத்துக்கு வருவார்.

"எத்தினையாவது பாட்டு?"

"மூண்டு முடியுது."

ஜெயரூபன் அப்பாவின் இடுப்பிலிருந்த சாரத்தைக் கிழித்தே எடுத்தான். அப்பாவின் வயிறு பொட்டில் இறுகியது. ஓய்வுபெற்ற தபாலதிபர் குலசிங்கம் தொண்ணூறு கிலோ. பொட்டோ, எழுபத்திரண்டு வயது மனிதர் ஒருவர் இரகசியமாகத் தவழ்ந்து போகும் அளவுக்கு மட்டும் செய்யப்பட்டிருந்தது. மாமா அடித்த முள்ளுக்கம்பியை இரண்டு கவர்த்தடிகளால் அழகாக மேலே தூக்கி நிறுத்தியிருந்தார் அப்பா. தோட்டத்தில் அவர் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

நான்காவது பாட்டுத் தொடங்கியது.

மரக்கறி விலை ஏறின வருசம் அப்பா தோட்டம் செய்யப் போவதாக அறிவித்தார். தொப்பி, பூட்ஸ், மண்வெட்டி எல்லாம் வந்தன. முப்பத்தைந்து வருசம் முத்திரை குத்திய கை. விதையையும் அப்படித்தான் நிலத்தில் குத்தியது. புங்குடுதீவுக் கிணற்றுத் தண்ணீரின் உவர் ஒரு பக்கம், ஆடு ஒரு பக்கம். முதல் விளைச்சல் இரண்டு வெண்டிக்காய். அதைச் சாப்பாட்டு மேசையில் நாலு பேருக்கும் அவரே பங்கு வைத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாமாவுக்கோ தொட்டதெல்லாம் காய்த்தது. தெற்கில் கடை வைத்திருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். அவருக்கும் இதுதான் முதல் தோட்டம். ஆனால் பூசணிக்கு அது தெரியவில்லை. போன போகம் அவருடைய காய்களில் ஒன்று குறைந்தபோது, மாமா நேரே சங்கக்கடைக்குப் போய் ஊர் கேட்கச் சொன்னார்:

"மச்சான் குலசிங்கத்தார் வேலியாலை கை விட்டுட்டார்!"

காணாமல்போன காய் பிறகு அவருடைய கொடிக்குக் கீழேயே அழுகிக் கிடந்தது. "ஊருக்கே மணத்தது. அண்ணைக்கு மட்டும் மணக்கேல்லை" என்று அம்மா சொல்லுவாள். மாமா அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பொட்டை முள்ளுக்கம்பியால் அடைத்தார். அப்பாவும் சங்கக்கடைக்குப் போய் ஒரு சபதம் செய்துவிட்டு வந்தார்: "என்ரை கொடியிலை காய்ச்ச பூசணிக்காயை அவற்றை விறாந்தையிலை கொண்டுபோய் வைக்காட்டி நான் குலசிங்கம் இல்லை."

அந்தச் சபதக்காரர் இப்போது மாமாவின் பூசணிக் கொடிக்குள் செத்துக் கிடந்திருக்கிறார். வலது கையை எதையோ பிடித்தபடி மூடிக்கொண்டு. இதை மாமா கண்டால் சங்கக்கடை போதாது. குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம்வரை சொல்லிக்கொண்டு போவார்.

ஐந்தாவது பாட்டு முடிந்தது. மணி அடித்தது.

"மூச்சைப் பிடிச்சுத் தள்ளுங்கோ!"

ஜெயரூபன் தள்ளினான். அவள் இழுத்தாள். அப்பா ஒரேயடியாக வந்து அவள் மடியில் விழுந்தார். பின்னால் ஜெயரூபன் தவழ்ந்து வந்தான். ஓலைக்கு அந்தப் பக்கம் செருமல் கேட்டது. இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். செருமல் கொடி நெடுகப் போய், ஓரிடத்தில் நின்றது. நீண்ட நேரம் நின்றது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

அப்பாவை அவருடைய சொந்தப் பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். வளவில் உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே கொடி அது.

பிரியவதனி அப்பாவின் மூடிய கையை எடுத்தாள். விரல்கள் அவ்வளவு பிடிவாதம் பிடிக்கவில்லை, விரிந்தன. உள்ளே இருந்ததைப் பார்த்தாள்.

"என்னது?" என்றான் ஜெயரூபன்.

அவள் கையை மூடினாள். இப்போது அது அவளுடைய கைக்குள் இருந்தது.

"ஒண்டுமில்லை. நீங்கள் போய் அம்மாவை எழுப்புங்கோ. மெல்லமாச் சொல்லுங்கோ."

"நீர்?"

"வாறன். போங்கோ."

நேற்றுப் பின்னேரம் அப்பா கைத்தொலைபேசியில் தோட்ட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு முகம் செத்துப்போய் வந்தது அவளுக்கு நினைவு வந்தது. "பிள்ளை, நான் ஒரு மடைத்தனம் செய்துபோட்டன்" என்றார். என்ன என்று கேட்டதற்கு, "விடியட்டும், சொல்லுறன்" என்று விட்டார். விடிந்துவிட்டது.

அம்மாவின் அலறல் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பியபோது பிரியவதனி கொடியடியில் முழங்காலில் இருந்தாள். பக்கத்தில் கிடந்த, மண் அள்ளும் பனையோலைக் கடகத்தை எடுத்து, கொடியின் ஓரிடத்தில் மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள். மேலே ஒரு கல்லும் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

*

பத்து மணிக்குள் செத்தவீடு களைகட்டிவிட்டது. பந்தல்காரர் தடிகளோடு வந்து பின்வளவில் குழி தோண்ட இடம் பார்த்தார்கள்.

"இந்தக் கடகத்தை எடுங்கோ அக்கா. இதிலைதான் ஒரு கால் வரவேணும்."

"அந்தக் கடகத்தைத் தொட்டீங்களோ, இண்டைக்கு இந்த வீட்டிலை ரெண்டு செத்தவீடு" என்றாள் பிரியவதனி.

பந்தல்காரர் காலை இடம் மாற்றினார்கள். பந்தல் ஒரு பக்கம் சரிந்தே நின்றது. வந்த சனம் அதைக் கண்டு, அப்பா இல்லாத வீடு சரிந்துதான் நிற்கும் என்று அழுதது.

பக்கத்து வீட்டு மேரிறோஸ் அக்கா பெரிய கேத்தலில் தேத்தண்ணி கொண்டு வந்தவள், பிரியவதனியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லத் தொடங்கி நிறுத்தினாள்.

"என்ன பிள்ளை, விரலெல்லாம் மஞ்சள்?"

"கறி மஞ்சள் அக்கா."

"விடியப்புறத்திலை என்ன கறி?"

பிரியவதனி பதிலுக்கு ஓவென்று அழுதாள். மேரிறோஸ் அக்காவும் அழுதாள். மஞ்சள் அத்தோடு விடப்பட்டது.

அம்மாவுக்கு வேறு கவலை. அம்மா சரோஜினிதேவி அழுகைக்கு நடுவில் கட்டிலுக்குக் கீழே, படலையடியில், கிணற்றடியில் எல்லாம் தேடினாள்.

"இவற்றை வலக்கால் செருப்பைக் காணேல்லை. பெட்டிக்குள்ளை வைக்கவேணும். ஒற்றைச் செருப்போடை எங்கை போவார் மனிசன்?"

பிரியவதனி ஜெயரூபனைப் பார்த்தாள். ஜெயரூபன் வேலியைப் பார்த்தான். கால் இந்தப் பக்கம் வந்தது. செருப்பு வரவில்லை. செருமல் ஏன் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றது என்பது இப்போது இரண்டு பேருக்கும் விளங்கியது.

"போய் எடுத்துக்கொண்டு வரட்டோ?" என்றான் அவன் காதுக்குள்.

அதற்குள் படலை திறந்தது. பரராசசிங்கம் மாமா வந்தார்.

சனம் வழி விட்டது. மச்சானோடு ஒரு போகம் முழுக்கக் கதைக்காத மனிதர், வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு, கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு வந்தார். புருசனை இழந்த தங்கச்சிக்குக் கோடிச் சேலை தமையன்தான் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் ஊர் சும்மா விடாது. பையின் மேலால் சேலைக்கரை தெரிந்தது. அடியில் வேறு ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

மாமா பிரேதத்தின் காலடியில் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களைப் பார்த்தார். வலது பாதத்தைக் கூடுதலாகப் பார்த்தார். பிறகு கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், சரியாகப் பின்வளவில், கடகத்துக்கு எதிரில் போட்டுக்கொண்டு இருந்தார்.

கனடாவிலிருந்து அப்பாவின் தங்கச்சி வீடியோவில் அழுதாள். "அண்ணை ஆசையாச் செய்த தோட்டத்தைக் காட்டுங்கோ" என்றாள். ஜெயரூபன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். இலை உதிர்ந்த கத்தரி இரண்டு, கவிழ்ந்த கடகம் ஒன்று, அதை முறைத்துக்கொண்டு பரராசசிங்கம் ஒருவர். கனடா இன்னும் பலமாக அழுதது.

அடுத்ததாக, மரணத்தைப் பதியக் கிராம சேவகர் கஜனி வந்தாள். இளம்பிள்ளை, ஆனால் எதையும் இரண்டு தரம் கேட்கிறவள்.

"ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது தெரியும். கிளினிக்குக்குப் போறவர்தானே. எங்கை வைச்சு உயிர் போனது?"

"தோட்டத்திலை" என்றாள் பிரியவதனி.

"ஆர் முதல் கண்டது?"

"நான்தான். தேத்தண்ணி கொண்டு போனனான்."

"எந்த இடத்திலை கிடந்தவர்? ஒருக்காக் காட்டுங்கோ."

பிரியவதனி மாமாவின் பக்கம் திரும்பினாள். பின்வளவிலிருந்து மாமா கதிரையை விட்டு எழும்பினார். பையைக் கையில் எடுத்துக்கொண்டார். கஜனியை நோக்கி நடந்தார். ஜெயரூபன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இஞ்சை பார் பிள்ளை," என்றார் மாமா, கடகத்துக்குப் பக்கத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தைக் காட்டி. "உதிலைதான் கிடந்தவர். நான் பூசை முடிச்சுப்போட்டு வரேக்கை வேலியாலை பாத்தனான்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான் எண்டு சொல்லுறன். பரராசசிங்கம் பொய் சொல்லுறவனோ?"

கஜனி தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். மாமா பிரியவதனியை வேலியோரம் கூப்பிட்டார்.

"அஞ்சு பாட்டும் பாடிப்போட்டு வந்து பொய் சொல்லிப்போட்டன். உன்னாலை."

"மாமா..."

அவர் பையைச் சற்றே திறந்து காட்டினார். கோடிச் சேலைக்குக் கீழே அப்பாவின் வலக்கால் செருப்பு, மண்ணோடு.

"இது என்ரை கொடிக்குள்ளை கிடந்தது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். ஆனா எனக்கு ஒண்டு தெரியவேணும். கொப்பர் என்னத்தைப் பிடுங்க வந்தவர்?"

"அப்பா கள்ளன் இல்லை."

"நான் எண்ணிப் பாத்தனான் பிள்ளை! உங்கடை வீட்டிலை அழுகுரல் கேக்கேக்கை நான் அங்கை எண்ணிக்கொண்டு நிண்டனான். பதினொரு காய். பதினொண்டும் இருக்கு. பயித்தை குறையேல்லை, மிளகாய் குறையேல்லை. ஒண்டையும் எடுக்காமல் ஒரு மனிசன் முள்ளுக்கம்பிக்குள்ளாலை பூந்து வந்து ஏன் சாகவேணும்?" மாமாவின் குரல் எங்கோ ஓரிடத்தில் வழுக்கியது. செருமிச் சரிசெய்துகொண்டார். "அந்தக் கடகத்துக்குக் கீழை என்ன வைச்சிருக்கிறாய்?"

"சொல்லுறன் மாமா. ஆனா இண்டைக்கில்லை."

"ஏன்?"

"சொன்னாப் பலிக்காமல் போயிடும். அப்பாவின்ரை முப்பத்தொண்டண்டு சொல்லுறன்."

மாமா அவளைப் பார்த்தார். கடகத்தைப் பார்த்தார். கோடிச் சேலையை மட்டும் உருவி எடுத்து, பையைத் திரும்பக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்ப செருப்பும் அண்டைக்குத்தான்."

பின்னேரம் ஜெயரூபன் கொள்ளிக்குடம் தூக்கினான். பெட்டிக்குள் இடக்கால் செருப்பு வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. சோடி சேரும்வரை அது கட்டிலுக்குக் கீழே இருக்கட்டும் என்றாள். பெட்டி படலை தாண்டும்போது, பறை மேளத்துக்கும் அழுகைக்கும் நடுவில், ஆடு ஒன்று கடகத்தை நோக்கிப் போவதைக் கண்டு பிரியவதனி கூந்தல் அவிழ ஓடினாள். தகப்பனுக்குப் பின்னால் ஓட முயன்ற பிள்ளையைப் பிடிக்க நாலு பெண்கள் ஓடினார்கள். அவள் ஆட்டைப் பிடித்தாள். அவர்கள் அவளைப் பிடித்தார்கள்.

*

முப்பத்தோராம் நாள் விடியற்காலை. கிரியைக்குக் கீரிமலைக்குப் போக வான் எட்டு மணிக்கு வரும். குசினியில் அம்மா படையலுக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எட்டாம் நாள் செலவுக்கும் சந்தைப் பூசணிக்காய். இண்டைக்கும் சந்தைப் பூசணிக்காய். வீட்டிலை விளைஞ்சதைத் தூக்கிக்கொண்டு போய் அந்தாளுக்குக் குடுக்கப் போறியோ?"

"அப்பா சொன்னவரெல்லே."

அம்மா கத்தியை நிறுத்தினாள். பிறகு, "கவனமாப் பிடி. காம்பு முறிஞ்சா அண்ணை அதுக்கும் ஒரு கதை வைச்சிருப்பார்" என்றாள்.

ஒரு மாதமாக இலையாலும் சாக்காலும் கடகத்தாலும் மூடி மூடி வளர்த்த காய். ஒரு குழந்தையின் பாரம் இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியடிக்குப் போனாள். பொட்டில் அப்பா நிறுத்திய இரண்டு கவர்த்தடிகளும் அப்படியே நின்றன. முள்ளுக்கம்பியை மாமா கீழே இறக்கவில்லை. அவள் குனிந்து போனாள்.

ஐந்தாவது பாட்டு முடிந்து மணி அடித்தது. மாமா வெளியே வந்தபோது விறாந்தையின் நடுவில் பூசணிக்காய் இருந்தது. பக்கத்தில் பிரியவதனி நின்றாள்.

மாமா காயைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். குந்தியிருந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"காம்பு காயேல்லை. இன்னும் பத்து நாள் விட்டிருக்கலாம். கொப்பரைப் போலை அவசரம்." சால்வையால் காயில் இருந்த மண்ணைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "உங்கடை கொடியிலையோ?"

"ஓம்."

"கடகத்துக்குக் கீழை இருந்தது இதோ?"

"அண்டைக்கு இவ்வளவுதான் இருந்தது." அவள் சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள்.

மாமா உள்ளே போய்ச் செருப்பைக் கொண்டு வந்தார். மண் இல்லை. கழுவியிருந்தது. வார் ஒன்று தைக்கவும்பட்டிருந்தது. அதைக் காய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"காய் வந்திட்டுது, சரி. நான் கேட்டது இதில்லை. என்ரை வளவுக்கை ஏன் வந்தவர்?"

பிரியவதனி தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவின் கொடி முழுக்க மஞ்சள். நீண்ட காம்புகளில், காயின் அடையாளம் எதுவும் இல்லாத பூக்கள், விடிந்த உடனே விரிந்து நின்றன.

"பூவுக்கு, மாமா."

"பூவுக்கோ?"

"ஆம்பிளைப் பூ. எங்கடை கொடியிலை பூத்ததை எல்லாம் 'உது சும்மா பூ, கொடியின்ரை சத்தை உறிஞ்சுது' எண்டு அப்பா பிடுங்கிப் பிடுங்கிக் கறிக்குக் குடுத்துப்போட்டார். ரெண்டு கிழமையா எங்களுக்குப் பூசணிப்பூ வறைதான். கடைசியிலை பொம்பிளைப் பூ ஒண்டு மொட்டு வைச்சாப் பிறகுதான், ஆம்பிளைப் பூவின்ரை தூள் படாட்டிப் பிஞ்சு நிக்காது எண்டு வீடியோவிலை பாத்திருக்கிறார். அண்டு விடியத்தான் அது விரிஞ்சது. மத்தியானத்துக்குள்ளை மூடிவிடும். எங்கடையிலை ஒண்டும் மிஞ்சேல்லை." அவள் வலது கையை விரித்துப் பார்த்தாள். "உங்கடையிலை ஒண்டே ஒண்டுதான் பிடுங்கினவர். கைக்குள்ளை கசங்காமல் இருந்தது. கண்ட உடனை அந்த வீடியோ என்னத்தைப் பற்றி எண்டு விளங்கிட்டுது, நான்தான் கொண்டுபோய்த் தடவிவிட்டனான்."

மாமா காயைப் பார்த்தார். பிறகு தன் கொடியைப் பார்த்தார்.

"ஒரு பூ," என்றார். "கேட்டிருந்தா..."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்பது அவருக்கே நிச்சயமில்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை.

விறாந்தையை விட்டு இறங்கிப் போய், காம்பு நீண்ட பூ ஒன்றைப் பிடுங்கி வந்தார்.

"இதோ?"

"ஓம், உதுதான்."

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விறாந்தையில் வைக்கப் போனார், வைக்கவில்லை. முற்றத்தில் எறியக் கையை ஓங்கினார், எறியவில்லை. கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடிக்கொண்டு நின்றார்.

பிரியவதனி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு செருப்பை எடுத்துக்கொண்டு பொட்டுக்குள் குனிந்தாள்.